மதுரையில் இருந்துகொண்டு அலையாத்திக் காடுகளை ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் தொலையுணர்வு மூலம் ஆராய முடியுமா?

முதுகலைத் தாவரவியல் படிக்கிறீர்கள், ஊர் மதுரை, கடல் அருகில் இல்லை, கையில் கருவியும் இல்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். மதுரையில் இருந்தபடி தாவரப் பரப்பு வரைபட வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். காட்டின் பரப்பு கூடியதா குறைந்ததா என்பதுதான் கேள்வி என்றால் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல், அதாவது ஒளியை நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளாகப் பிரித்துப் படமெடுக்கும் முறை, தேவையே இல்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், 10 மீட்டர் துல்லியம், அதுவே போதும். எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்த மரம் உள்ளுக்குள் வாடுகிறது என்று கேட்கும்போதுதான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு வேலை வருகிறது.

சென்டினல்-2 ஒளியை 13 பட்டைகளாகப் பிரிக்கிறது. 2000-ல் நாசா ஏவிய ஹைப்பீரியான் கருவி அதையே 10 நானோமீட்டர் அகலமுள்ள 220 பட்டைகளாகப் பிரித்தது. பச்சையம் 670 நானோமீட்டர் பக்கம் சிவப்பொளியை விழுங்குகிறது. 750-ஐத் தாண்டினால் இலையின் உள்கட்டமைப்பு அகச்சிவப்பை அள்ளித் திருப்பி அனுப்புகிறது. எந்த அலைநீள ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் வளைகோட்டுக்கு நிறமாலை என்று பெயர். அந்த வளைகோடு இடையில் செங்குத்தாக ஏறும் இடம்தான் சிவப்பு விளிம்பு. உப்பு மிகுந்தோ நீரோட்டம் நின்றோ மரம் நலிந்து பச்சையம் குறைந்தால், அந்த விளிம்பு சிறிய அலைநீளத்தின் பக்கம் நகர்கிறது. இலை பழுத்துத் தெரிவதற்கு முன்பே இதைப் பிடித்துவிட வாய்ப்புண்டு. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மரங்களை மொத்தமாக வெட்டிய பழைய முறையால் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பேறியது. பிறகு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டித்தான் காட்டை மீட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், வாய்க்கால் தூர்ந்து மரங்கள் திணறத் தொடங்குவதை முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அது எவ்வளவு பெரிய உதவி! என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. முத்துப்பேட்டையில் பெரும்பகுதி வெண்கண்டல் என்ற ஒரே வகை மரம்தான். அங்கே இனம் பிரிக்கும் ஆய்வுக்கு வேலை குறைவு. மரத்தின் நலம் பற்றிய ஆய்வு பொருந்தும். பிச்சாவரத்தில் வாய்க்கால் ஓரமாகச் சுரபுன்னை, அதன் பின்னால் வெண்கண்டல், இன்னும் மேட்டில் உமரி என்று வரிசை தெரியும். ஆனால் சுரபுன்னை வரிசை பல இடங்களில் 30 மீட்டருக்கும் குறுகலானது. ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சலே 30 மீட்டர் என்பதால், ஒரே பிக்சலில் நீரும் சேறும் இரண்டு வகை மரமும் கலந்துவிடும். அந்தக் கலவையைப் பிரித்தறியும் கணக்கைத் தவிர்க்க வழியில்லை.

நமக்குக் கிட்டத்தில் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு. அங்கே ஒரு வெண்கண்டல் இலையைப் புரட்டிப் பாருங்கள். மேற்புறம் பளபளக்கும் பச்சை. அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை. இலையில் பொடிப்பொடியாக உப்பு படிந்திருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றும் மரம் அது. கடற்காற்று எழுந்து இலைகளைத் திருப்பினால் அதே மரத்தின் நிறமாலை மாறிவிடும். மரத்தடியில் நீர் ஏறியிருந்தால் குறுஅலை அகச்சிவப்பில் திரும்பும் ஒளியின் அளவு சரியும். ஆகவே களத்தில் நிறமாலைமானி என்ற கருவியால் இலைகளின் நிறமாலையை அளக்கும்போது காற்று, நீர்மட்டம், நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இடையே அளப்பது வழக்கம்.

அதற்கு முன் மதுரையிலேயே கை பழகுங்கள். ஏதாவது ஒரு கண்மாய்க்குச் சித்திரை வெயிலில் போங்கள். சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கையில் சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். பக்கத்திலேயே நாட்டுக் கருவேலமும் இருக்கும். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது, எதை வெட்டுவது, எதை விடுவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. இவ்விரண்டையும் நிறமாலையில் பிரிக்க முயல்வது அருமையான பயிற்சி. சேற்றில் கால் புதையாது, வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடலாம்.

படங்களுக்கு 2019-ல் ஏவப்பட்ட இத்தாலியின் பிரிஸ்மா, 2022-ல் ஏவப்பட்ட ஜெர்மனியின் என்மேப் என்ற இரண்டு ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் செயற்கைக்கோள்கள் உள்ளன. பதிவு செய்தால் ஆய்வுக்கு இலவசம். இரண்டுமே 30 மீட்டர் துல்லியம். காற்று மண்டலத் திருத்தம் செய்த, அதாவது இடையிலுள்ள காற்றால் ஒளியில் வந்த மாற்றத்தை நீக்கிய படத்தையே கேளுங்கள். 1,400, 1,900 நானோமீட்டரை ஒட்டிய பட்டைகளைக் காற்றிலுள்ள நீராவி தின்றுவிடுவதால் அவற்றை நீக்கிவிடுங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் என்மேப் பாக்ஸ் என்ற இலவச இணைப்பு இருக்கிறது. முதுகலை ஆய்வுக்கு அது தாராளம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். மரங்களை 98 விழுக்காடு சரியாகப் பிரித்தோம் என்று ஓர் ஆய்வு சொன்னால், கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கும் அது கற்றதைச் சரிபார்க்கும் சோதனைக்கும் ஒரே மரக்கூட்டத்தின் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களை எடுத்தார்களா என்று பாருங்கள். எடுத்திருந்தால், ஏற்கெனவே பார்த்ததையே மறுபடி கேட்டது போலத்தான்; அந்த எண்ணை நம்ப வேண்டாம். உங்கள் ஆய்வில் சோதனைக்கான மரங்கள் தள்ளி வேறிடத்தில் இருக்கட்டும். விழுக்காடு குறைந்தாலும் குறைந்ததையே எழுதுங்கள்.

நிறமாலைமானி பல லட்சம் விலை. வாங்க நினைக்காமல், வைத்திருக்கும் துறைகளிடம் உங்கள் வழிகாட்டி மூலம் சில நாள்களுக்குக் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே களப்பணிக்கு ஏற்றவை. விண்ணப்பத்தை அதற்கு வெகு முன்பே, மழைக்காலம் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.