குள்ளமா, இடுப்பு அகலமா இருக்கேன். எப்படி உடுத்தணும், மேக்கப்பை எதுல ஆரம்பிக்கணும்?

கேள்வியில நீங்க சொன்ன விவரம் இது: உயரம் 5 அடி, மேல் உடம்பு ஒல்லி, இடுப்புக்குக் கீழ அகலம், மாநிறம். பாம்பன்ல இருந்து தினமும் ராமநாதபுரத்துக்கு பஸ்ல வேலைக்குப் போகப் போறீங்க. மேக்கப் பழக்கமே இல்ல, வெயில்ல எது போட்டாலும் வழிஞ்சிருது. நான் மண்டபம் பக்கம் தையல் கடை வச்சிருக்கேன், கல்யாண சீசன்ல பொண்ணு அலங்காரமும் பண்றேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

கடைக்கு வர்ற பொண்ணுங்க சேலைக்கு மூவாயிரம் கொடுத்துட்டு, தையல் கூலியில அம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிப்பாங்க. நீங்க அதைத் திருப்பிப் போடுங்க. சாதாரணத் துணி, நல்ல தையல். உடம்பு எடுப்பாத் தெரியறதுல பாதிக்கு மேல ஜாக்கெட்டோட பொருத்தம்தான்.

அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துட்டு ஓடாதீங்க. அது எப்பவோ தச்சது, அதுக்கப்புறம் உடம்பு மாறியிருக்கும். நின்னு அளவு கொடுங்க, தினமும் போடுற உள்ளாடையோட. தோள் தையல் சரியா தோள் எலும்பு முடியுற இடத்துல உக்காரணும். கீழ இறங்கினா தோள் சரிஞ்சு, உங்களை மாதிரி மேல ஒல்லியா இருக்கவங்களுக்கு இடுப்பு இன்னும் அகலமாத் தெரியும். போட் நெக் (தோளோட தோளா அகலமா வெட்டுற கழுத்து), லேசா பஃப் வச்ச கை, ரெண்டும் தோளை அகலமாக் காட்டும். கீழ இருக்கிற அகலத்துக்கு ஈடு கட்டும். கை நீளம் புஜத்தோட பருமனான இடத்துல முடியக்கூடாது, முழங்கைக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் விடுங்க. அக்குள் பக்கம் தொளதொளன்னு வெட்டினா வசதின்னு நினைப்பாங்க, அது தப்பு. அங்க இறக்கமா இருந்தா பஸ் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டே மேல ஏறும். போட்டுப் பார்க்கும்போது கையைத் தூக்கிப் பார்த்துட்டு வாங்குங்க. காட்டன் லைனிங்கை நனைச்சுக் காயவச்சுத்தான் தைக்கிறாங்களான்னு கேளுங்க. இல்லன்னா முதல் துவைப்புல லைனிங் சுருங்கி, மேல் துணி உப்பிக்கும். பக்கத் தையல்ல ஒரு அங்குலம் உள்ள விடச் சொல்லுங்க, பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்.

இப்ப சேலை. அதோட அகலம் பெரும்பாலும் 45ல இருந்து 48 அங்குலம். 5 அடி உயரத்துக்கு இடுப்புல இருந்து தரை 37, 38 அங்குலம்தான் வரும். மிச்சம் எட்டு, பத்து அங்குலத்தை எங்க வைப்பீங்க? உள்ள சொருகுறீங்க, அது வயித்துல மடிப்பா நிக்குது, தொப்பைன்னு பேர் வாங்குது! அதனால உள்பாவாடைக்கு நாடா முடிச்சு வேண்டாம், பட்டையா பெல்ட் வச்சு ஹூக் போடுங்க. நேர்வெட்டா, உடம்போட ஒட்டினாப்ல இருக்கட்டும். செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் சேலையைக் கட்டணும், இல்லன்னா உயரம் தப்பும். கொசுவம் குறுகலா, அஞ்சாறு போதும். கரை ரெண்டு அங்குலத்துக்கு மேல போனா உயரத்தைத் தின்னுரும். பட்டுல பெரிய கரை ஆசையா இருந்தா கல்யாண வீட்டுக்குக் கட்டுங்க, யார் வேண்டாம்னா?

நம்ம ஊர் காத்தையும் கணக்குல எடுக்கணும். பாம்பன் பாலத்துல காத்து பலமா அடிச்சா ரயிலையே நிறுத்திருவாங்க, ஜார்ஜெட் முந்தி எம்மாத்திரம்? ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கும்போது ஷிஃபான், ஜார்ஜெட்டைத் தொடாதீங்க. கிரேப் உடம்போட விழும், கனமும் கொஞ்சம் இருக்கும். பரமக்குடி கைத்தறிக் காட்டனும் நல்லது, ஆனா கஞ்சியை மொடமொடன்னு போட்டா இடுப்புல குடை மாதிரி விரியும். விறைப்பா நிக்கிற ஆர்கன்சா உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

சுடிதார்ல ஒரே விஷயம்தான்: டாப் முடியுற இடம். தொடை அகலமான இடத்துல முடிஞ்சா கண்ணு அங்கதான் போகும். முழங்காலுக்குக் கீழ வரட்டும். சைடு கட் இடுப்பெலும்புக்குக் கீழ தொடங்கணும். டாப்பும் பேண்ட்டும் ஒரே நிறத்துல இருந்தா உயரம் கூடினாப்ல இருக்கும், ஷாலை ஒரு பக்கமா பின் குத்தித் தொங்க விட்டாலும் அப்படித்தான். கீழக்கரையில இருந்து வர்ற பிள்ளைங்க, "அக்கா, பர்தாவுக்கு மேல என்ன எடுப்பு?"ன்னு சிரிப்பாங்க. முகத்தை ஒட்டி வர்ற ஸ்கார்ஃபோட நிறம்தான்மா எடுப்பு. மாநிறத்துக்கு மெரூன், பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள் வச்சுப் பாருங்க. வெளிர் சாம்பல் முகத்தை வாட்டமாக் காட்டும். சேலைக்கும் இதே கணக்கு.

முகத்துக்கு வருவோம். முதல் மாசம் ஃபவுண்டேஷன் (முகம் முழுக்கப் பூசுற நிற கிரீம்) வாங்கவே வாங்காதீங்க. சன்ஸ்க்ரீன், ஒரு மை, ஒரு லிப்ஸ்டிக், கொஞ்சம் பவுடர், அவ்வளவுதான். சின்னப்பாலம் ஊர்ல கடல்பாசி எடுக்கப் போற அக்காமாரு முழுக்கை சட்டை போட்டு, தலையில துணியைச் சுத்திக்கிட்டுக் கடல்ல இறங்குறதைப் பார்த்திருப்பீங்க. வெயிலுக்குத் துணியை மிஞ்சின மருந்து இல்ல. (நம்ம கடல்ல வளர்க்குற பாசியில இருந்து எடுக்கிற காராஜீனன்ங்கிற கூழ்ப்பொருளைத்தான் பேஸ்ட், லோஷன் சிலதுல கெட்டியா நிக்கச் சேர்க்கிறாங்க. எடுத்துக் கொடுக்கிறவங்க கைக்கு அந்த லோஷன் போறது அபூர்வம்.) துணி மூடாத இடத்துக்கு எஸ்பிஎஃப் (வெயில் சுடாமத் தடுக்கிற அளவு) 30க்குக் குறையாம, பிஏ+++ (தோல் கருக்கிறதைத் தடுக்கிற அளவு) போட்ட சன்ஸ்க்ரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு நீளத்துக்கும் பிதுக்கினா முகத்துக்கும் கழுத்துக்கும் சரியா இருக்கும். மிளகளவு தடவிட்டு "வேலை செய்யல"ன்னு சொல்றவங்கதான் அதிகம். சாம்பல் பூசினாப்ல வெள்ளை படிஞ்சா அது ஜிங்க், டைட்டானியம் சேர்ந்தது. ஜெல் வகை, இல்லன்னா நிறம் கலந்ததை வாங்குங்க. வெயில்லயே நிக்கிறீங்கன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் போடணும்.

வழியறதுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். சன்ஸ்க்ரீன் போட்டு ஒரு பத்து நிமிஷம் விட்டு, மூக்கு, நெத்தி, தாடையில மட்டும் பவுடரைத் தேய்க்காம ஒத்தி எடுங்க. மை வைக்கும் முன்னாடி கீழ் இமைக்கு வெளியே துளி பவுடர் ஒத்தினா கீழ இறங்காது. வேர்த்தா கைக்குட்டையால ஒத்தணும், துடைக்கக்கூடாது. லிப்ஸ்டிக்ல செங்கல் சிவப்பு, நாவல்பழ நிறம், பழுப்பு கலந்த ரோஸ் மாநிறத்துக்குத் தப்பாது. அதையே ஒரு பொட்டு கன்னத்துல தட்டி விட்டா பிளஷ் தனியா வேண்டாம்.

பின்னாடி ஃபவுண்டேஷன் வாங்கினா மணிக்கட்டுல தடவிப் பார்க்காதீங்க. தாடையோரம் ஒரு கோடு இழுத்துட்டு, கடையை விட்டு வெளியே வெளிச்சத்துல கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க. சிலது காத்துப் பட்டதும் ஒரு படி கருக்கும். கோடு கண்ணுக்குத் தெரியலன்னா அதுதான் உங்க நிறம். கடைக்காரர் ரெண்டு படி வெளுப்பானதை நீட்டுவார், வாங்காதீங்க. கருவளையத்துக்கும் வெளுத்த கன்சீலர் (கருமையை மறைக்கிற கிரீம்) போட்டா சாம்பலாத்தான் தெரியும். முதல்ல லேசா ஆரஞ்சு கரெக்டர், அதுக்கு மேல கன்சீலர்.

"ஏழு நாள்ல கலர்"னு பேர் ஊர் இல்லாத டப்பாவுல வர்ற கிரீமைப் பத்தி நீங்க கேட்கல, நானாச் சொல்றேன். சிலதுல பாதரசம் இருக்கும், சிலதுல ஸ்டீராய்டு. பாதரசம் தோல் வழியா உள்ள போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023ல கேரளாவுல மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட கிரீம் போட்டவங்களுக்கு சிறுநீரகம் பாதிச்சதை டாக்டருங்க கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. ஸ்டீராய்டு கிரீமை நிறுத்தினதும் முகம் சிவந்து எரியும், அதுக்குப் பயந்து திரும்பத் தடவுவாங்க. ஏற்கனவே போட்டுக்கிட்டு இருந்தா உடனே தோல் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்றபடி நிறுத்துங்க. ஸ்டிக்கர் பொட்டு வச்ச இடத்துல வெள்ளையா ஆரம்பிச்சாலும் உடனே பொட்டை எடுத்துட்டு அவர்கிட்ட காட்டுங்க. பசையில இருக்கிற ரசாயனம் சிலருக்கு அப்படிப் பண்ணும்.

ராத்திரி கலைக்கிறதுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பஞ்சுல தொட்டு மையையும் லிப்ஸ்டிக்கையும் எடுத்துட்டு முகத்தைக் கழுவுங்க. பரு வர்ற முகம்னா எண்ணெயை விட்டுட்டு மைசெல்லார் வாட்டர் (மேக்கப் கலைக்கிற தண்ணி) வாங்கிக்கோங்க. நம்ம ஊர் போர் தண்ணி உப்பு, சோப்பு நுரைக்காது, தோல்ல படிஞ்சு முகம் இழுக்கும். போர் தண்ணியில கழுவினாலும் கடைசியா குழாயில வர்ற காவேரித் தண்ணி ஒரு செம்பு ஊத்தி அலசிட்டு, ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர் தடவிட்டுப் படுங்க.