ஓடுவதற்கு மாதச் சம்பளம் தரும் வேலை ஒன்று இருக்கிறது

ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு 18 வயது. 5,000 மீட்டர் ஓட்டத்தில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறாள். மதிப்பெண்ணும் குறைவில்லை, மருத்துவ இடம் கிடைத்துவிடும். அவளோ மராத்தான் வீராங்கனை ஆவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அப்பா தூக்கமில்லாமல் தவிக்கிறார். மாமாவும் பெரியப்பாவும், “முதலில் டாக்டர் ஆகட்டும், ஓட்டம் ஒருபக்கம் நடக்கட்டும்” என்கிறார்கள். என்ன செய்வது என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உறவினர்கள் சொல்லும் அந்த ஏற்பாடு நடக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகத் தரத்தில் ஓடும் ஒரு பெண் வாரத்துக்கு 160 முதல் 200 கிலோமீட்டர் வரை ஓடுகிறாள். பெரும்பாலான நாட்களில் காலையும் மாலையும் பயிற்சி. இடையில் தூங்க வேண்டும். அந்தத் தூக்கமும் பயிற்சியில் சேர்ந்ததுதான். இரவுப் பணியும் முடிவில்லாத தேர்வுகளும் கொண்ட படிப்பை இதோடு சேர்த்துக் கட்டினால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும். அவளுக்கு மருத்துவத்தில் ஆசை இருந்தால் பேச்சு வேறு. கௌரவத்துக்காக அந்த இடத்தில் உட்கார வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கடிதம் முழுவதும் மாமா சொன்னதும் பெரியப்பா சொன்னதும் இருக்கின்றன. பதக்கம் கிடைக்காத நாளுக்கு மறுநாள் காலையிலும் அவள் தானாக எழுந்து ஓடுகிறாளா? முடிவெடுக்க உதவும் கேள்வி அதுதான். அதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

மகளுக்கும் ஒரு வார்த்தை: மராத்தான் இப்போது வேண்டாம். உலக அளவிலான 20 வயதுக்குட்பட்டோர் தடகளப் போட்டியில் மராத்தானே கிடையாது. இந்த ஓட்டம் தாமதமாகப் பழுக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டாவுக்கு அப்போது வயது 38. 2023-இல் பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி பெண்கள் மராத்தானில் அன்றைய உலக சாதனையைப் படைத்த எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா, 2016 ஒலிம்பிக்கில் ஓடியது 800 மீட்டர். ஆகவே இன்னும் சில ஆண்டுகள் 5,000, 10,000 மீட்டரிலேயே வேகத்தை வளர்க்கட்டும். பயிற்சிக்கு இடம் தரும் ஒரு பட்டப்படிப்பையும் கூடவே முடிக்கட்டும்.

அதன் பிறகு? காலணி நிறுவன ஒப்பந்தம், பெருநகர மராத்தான்களின் பரிசுத் தொகை என்று எல்லோரும் அறிந்த வழியைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. அந்தப் பணம் உச்சியில் இருக்கும் சிலரிடமே குவிகிறது. ஆண்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று மராத்தான்தான் ஓட முடியும். ஒரு நாள் வயிறு கெட்டால் அரை வருட வருமானம் போய்விடும்.

யாரும் உங்களிடம் சொல்லாத வழி, ஊழியராகவே ஓடுவது. ஜப்பானில் இது ஆழமாக வேரூன்றிய முறை. பெரிய நிறுவனங்கள் ஓட்டப் பெண்களைத் தங்கள் ஊழியர்களாகச் சேர்த்துக்கொள்கின்றன. மாதச் சம்பளம், தங்குமிடம், பயிற்சியாளர், உடற்பயிற்சி மருத்துவர், மலைப்பகுதி முகாம் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. சில அணிகளில் பகலில் சில மணி நேரம் அலுவலக வேலையும் உண்டு. இந்த அணிகளின் பெரிய இலக்கு ‘எகிடென்’ என்னும் சாலைத் தொடர் ஓட்டம். கையில் ஏந்தும் குச்சிக்குப் பதிலாகத் தோளில் குறுக்காக அணியும் ‘தசுகி’ என்ற துணிப்பட்டையை அடுத்தவரிடம் கொடுத்து ஓடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் அங்குள்ள சென்டாய் நகரில் நடக்கும் நிறுவனப் பெண்கள் எகிடெனில், முழு மராத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை ஆறு பெண்கள் பங்கிட்டு ஓடுகிறார்கள். எனவே ஒலிம்பிக் தகுதி பெறாத பெண்ணுக்கும் அந்த அணியில் வேலை இருக்கிறது, மதிப்பு இருக்கிறது. 2000 சிட்னி ஒலிம்பிக் மராத்தானில் தங்கம் வென்று, மறு ஆண்டே பெர்லினில் 2 மணி 20 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண்ணான நவோகோ தகாஹாஷி பல்கலைக்கழகப் படிப்பை முடித்து இப்படிப்பட்ட நிறுவன அணியில் வளர்ந்தவர்தான். கென்யாவில் காவல்துறையும் ராணுவமும் சிறைத்துறையும் ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கின்றன. சீருடைப் பணியோ நிறுவன அணியோ, விளையாட்டு வீரருக்கென்று ஊதியத்துடன் வைத்திருக்கும் இடங்களைத் தேடச் சொல்லுங்கள். பணம் குறைவாகத் தெரியும். ஆனால் காலில் எலும்பு விரிசல் கண்ட மாதத்திலும் அது வந்து சேரும்.

செலவு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். வெளிநாட்டு முகாமுக்காகக் கடன் வாங்காதீர்கள், நகையில் கை வைக்காதீர்கள். பெரிய போட்டிகளில் பரிசுப் பணம் ஊக்கமருந்துச் சோதனை முடிவு வந்த பிறகுதான் கைக்கு வரும். அதிலும் முகவரின் பங்கு கழியும். வரப்போகும் பரிசை நம்பி இன்று கடன் வாங்குவது குடும்பத்தைக் குலைக்கும்.

அதைவிடக் கண்டிப்பான ஒன்று அவள் உடல். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு இல்லையென்றால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு வலுவிழக்கும். மாதவிடாய் நிற்பது கடும் பயிற்சியின் அடையாளம் என்று ஒருவர் சொன்னால், அவர் எத்தனை பதக்கக்காரர்களை உருவாக்கியிருந்தாலும் அன்றே மகளை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மருத்துவரிடம் காட்டிய பிறகே அடுத்த பயிற்சி.

எந்த ஒப்பந்தமானாலும் காயம், கர்ப்பம் இரண்டின்போதும் ஊதியம் என்ன ஆகும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். கர்ப்பகாலத்தில் ஊதியம் வெட்டப்பட்டதை 2019-இல் தடகள வீராங்கனைகள் வெளிப்படையாகப் பேசிய பிறகே சில காலணி நிறுவனங்கள் விதியை மாற்றின. அணியில் சேர்வதானால், அங்கே ஓடி ஓய்வுபெற்ற பெண்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள், அணி கலைக்கப்பட்டால் பணி தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெண்களில் ஒருவரையாவது மகள் நேரில் சந்தித்துப் பேசிவிட்டு வரட்டும். கையெழுத்து அதற்குப் பிறகு.