வீட்டில் மாறி மாறிச் சீழ்க்கட்டி வருகிறதா? மூக்கைக் கவனியுங்கள்

கேள்வி: என் கணவருக்குத் தொடையில் சீழ்க்கட்டி வந்து உடைந்தது. இரண்டு வாரத்தில் மகனுக்குப் பிட்டத்தில் வந்தது, பிறகு கணவருக்கே அக்குளில். ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் அமாக்சிசிலின் வாங்கி மூன்று நாள் கொடுத்தோம். உடம்புச் சூடு என்று மாம்பழத்தையும் நிறுத்திவிட்டோம். ஏன் நிற்கவில்லை?

பதில்: மாம்பழத்தின் மேல் பழி வேண்டாம். ஒரே வீட்டில் இப்படிச் சுற்றிவரும் கட்டிக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு மூக்குத் துவாரத்தின் முன்பகுதியில் இது ஒரு தொல்லையும் தராமல் குடியிருக்கும். மூக்கைத் தொட்ட விரலால் வேர்க்குருவைச் சொறிந்தால் போதும், மயிர்க்கால் வழியாக உள்ளே இறங்கிவிடும். கோடையில் வியர்வையும் உராய்வும் சேர்வதால் கட்டியும் அதிகம்.

அமாக்சிசிலின் பலிக்காததற்குக் காரணம் உண்டு. இந்தப் பாக்டீரியாவில் பெரும்பாலானவை அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. தவிர, சீழைச் சுற்றி உடம்பே ஒரு சுவர் எழுப்பிவிடுவதால் எந்த மாத்திரையும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. தொட்டால் நடுவில் தளும்பும் கட்டிக்கு முக்கிய சிகிச்சை மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான். சிறிய கட்டி என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுங்கள், தானாக உடையும். பிதுக்கவே கூடாது. அழுத்தத்தில் சீழ் பக்கத்துத் திசுவுக்குள் பரவும். சுண்ணாம்பு தடவினால் தோல் வெந்துபோகும். ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம்.

அடுத்த முறை கீறும்போது சீழைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும். எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை, என்று வந்தால் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. கிளிண்டாமைசின், கோட்ரைமாக்சசோல் போன்றவற்றில் எது ஏற்றது என்பதை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்வார். கணவருக்கு ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வரும் கட்டிதான் சர்க்கரை நோயைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

கட்டிகள் ஆறியதும் கிருமியைக் குடியிருக்கும் இடத்திலிருந்தே விரட்ட வேண்டும். மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் எல்லோரும் ஒரே ஐந்து நாளில் சேர்ந்து செய்யுங்கள். 2 சதவீத முபிரோசின் மூக்குக் களிம்பைத் தீக்குச்சித் தலை அளவு எடுத்து, காலை மாலை இரண்டு துவாரத்திலும் உள்ளே தடவி, மூக்கை ஒரு நிமிடம் மெல்ல அமுக்கிவிடுங்கள். தினமும் ஒருமுறை 4 சதவீத குளோர்ஹெக்சிடின் திரவத்தை சோப்புக்குப் பதிலாகக் கழுத்துக்குக் கீழே தேய்த்து, ஓரிரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அக்குள், தொடை இடுக்கு, பிட்டம் விட்டுப்போகக் கூடாது. கண்ணிலும் காதிலும் படக் கூடாது.

பலர் தோற்பது துண்டில்தான். களிம்பை ஒழுங்காகப் போட்டுவிட்டு, குளித்ததும் எல்லோரும் ஒரே துண்டில் துடைத்தால் கிருமி மறுபடி ஏறிவிடும். துணியில் அது பல நாள் உயிரோடு இருக்கும். ஆளுக்கொரு துண்டு, தினமும் துவைத்தது. உள்ளாடை, தலையணை உறையை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் காய வையுங்கள். ஷேவிங் பிளேடும் நகவெட்டியும் பொதுவில் வேண்டாம். நகங்களை ஒட்ட வெட்டுங்கள், குறிப்பாக மகனுக்கு. கையில் கட்டி இருப்பவர் சமைக்கக் கூடாது. உணவில் இந்தக் கிருமி விடும் நஞ்சு சூடுபடுத்தினாலும் அழியாது. சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், வேகமாகப் பரவும் சிவப்பு, பார்ப்பதற்குச் சிறிதாக இருந்தும் தாங்க முடியாத வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூக்கிலோ மேலுதட்டிலோ வரும் கட்டியும் அப்படித்தான்: அங்குள்ள ரத்தக்குழாய்களுக்கு மூளைப் பகுதியோடு தொடர்பு உண்டு. கைக்குழந்தைக்கு வந்தால் அளவு பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.