நீங்கள் ராட்ஜர்ஸ் இல்லை, தம்பி

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மதுரையிலிருந்து வேலைக்காக விஸ்கான்சின் வந்திருக்கிறார், ஆப்பிள்டனில் வாசம், வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் பேக்கர்ஸ் பேச்சைத் தவிர, அதாவது பக்கத்து ஊரான கிரீன் பேயின் அமெரிக்க ஃபுட்பால் அணியைப் பற்றிய பேச்சைத் தவிர, வேறு பேச்சில்லை என்கிறார். அதிலும் பழைய குவார்ட்டர்பேக் (பந்தைக் கையில் வாங்கி அணியின் தாக்குதலை நடத்துபவர்) ஆரோன் ராட்ஜர்ஸுக்கும் தலைமைக் கோச் மைக் மெக்கார்த்திக்கும் இருந்த உரசலை இன்னும் இரண்டு கட்சியாகப் பிரிந்து அலசுகிறார்களாம். "ஒரு ஆட்டக்காரர் கோச்சை வெளிப்படையாகக் குறை சொல்லலாமா? அப்படியென்றால் நானும் மேனேஜரிடம் அப்படிப் பேசலாமா? இங்கே அதுதான் வழக்கமா, அக்கா?" என்பது கேள்வி.

பேசலாம் தம்பி. ஆனால் ராட்ஜர்ஸ் பேசிய மாதிரி வேண்டாம். ஏன் என்று சொல்ல அந்தக் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

முதலில் ஊர். கிரீன் பே ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். அங்கே 81,000 பேருக்கு மேல் உட்காரும் லாம்போ ஃபீல்ட் இருக்கிறது. மற்ற அணிகளுக்கெல்லாம் ஒரு கோடீஸ்வர முதலாளியோ முதலாளிக் குடும்பமோ உண்டு. 1919-இல் தொடங்கிய பேக்கர்ஸுக்கு முதலாளியே கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான சாதாரண ஜனங்கள் பங்குதாரர்கள். அந்தப் பங்கில் லாபம் வராது, சந்தையில் விற்கவும் முடியாது. 2021-இல் ஒரு பங்கு 300 டாலருக்கு விற்றார்கள், அப்போதும் வரிசையில் நின்று வாங்கினார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் லட்சத்துக்கும் மேல் பெயர்கள். பிள்ளை பிறந்ததும் பெயரைப் பதிவு செய்துவிடுகிறார்கள். ஆகவே உங்கள் ஆபீஸில் பேசுகிறவர்கள் யாரோ இருவருடைய சண்டையைப் பேசவில்லை. சொந்த வீட்டு விவகாரம் பேசுகிறார்கள்.

அடுத்தது ஆட்டம். நமக்குக் கிரிக்கெட்தான் அளவுகோல். அங்கே மைதானத்தில் இறங்கிவிட்டால் கேப்டன் வைத்ததுதான் சட்டம், கோச் வெளியே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். 2017-இல் கோலியும் கும்ப்ளேயும் ஒத்துப்போகாதபோது ராஜினாமா செய்தது கும்ப்ளே. அமெரிக்க ஃபுட்பாலில் ஏற்பாடு வேறு. ஒவ்வொரு நகர்வையும் வெளியிலிருந்து கோச் சொல்கிறார், குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கிறது. ஒரு நகர்வு முடிந்ததும் பெரும்பாலும் 40 வினாடிக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதில் 15 வினாடி பாக்கி இருக்கும்போது ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடும். அதற்குப் பிறகு கோச் கத்தினாலும் கேட்காது. எதிரே டிஃபென்ஸ், அதாவது எதிரணியின் தடுப்பு வரிசை, நிற்கும் விதத்தைப் பார்த்து, கோச் சொன்னதை மாற்ற வேண்டுமா என்று குவார்ட்டர்பேக் முடிவெடுக்கிறார். மாற்றினால் மற்ற பத்துப் பேருக்கும் கத்தியும் கையசைத்தும் தெரிவிக்க வேண்டும். இதை ஆடிபிள் என்பார்கள்.

உரசல் எல்லாம் அந்த 15 வினாடியில்தான் பிறக்கிறது. புதுப் பையன் என்றால் சொன்னதைச் செய்வான். பத்து வருடம் ஆடிய ஆளுக்கு, கோச் பார்க்காத ஒன்று தன் கண்ணுக்குத் தெரிகிறது என்ற நம்பிக்கை வந்துவிடும். பல நேரம் அது உண்மையும்கூட. கோச் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாரம் முழுக்க உட்கார்ந்து போட்ட திட்டத்தில் மூன்றாவது நகர்வு ஐந்தாவதற்கு வலை விரிப்பதற்காக வைத்தது. மூன்றாவதை மாற்றினால் ஐந்தாவது வீண். இரண்டு பேருமே சரி என்பதால்தான் இந்தச் சண்டைக்குத் தீர்ப்பே வருவதில்லை.

இவர்கள் கதையின் தொடக்கமே கொஞ்சம் கோணல். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்வதை டிராஃப்ட் என்பார்கள். 2005 டிராஃப்டில் முதலில் எடுக்கும் வாய்ப்பு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. ராட்ஜர்ஸ் வடக்குக் கலிஃபோர்னியாப் பையன், சிறு வயதிலிருந்து அந்த அணியின் ரசிகர். அவர்கள் அலெக்ஸ் ஸ்மித் என்ற வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொண்டார்கள். டிவி கேமரா முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவரை 24-ஆவது ஆளாகப் பேக்கர்ஸ் எடுத்தது. அந்த வருடம் சான் ஃபிரான்சிஸ்கோவில் அட்டாக் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் யார் தெரியுமா? மெக்கார்த்தி. அடுத்த வருடமே அவர் கிரீன் பேவுக்குத் தலைமைக் கோச்சாக வந்து சேர்ந்தார். அந்த வடு ஆறவேயில்லை என்று ஊர் பேசும். ராட்ஜர்ஸ் இல்லை என்பார். எனக்கு ஊர்ப்பேச்சில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வடு இருந்திருந்தால் 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கை 31-25 என்று வீழ்த்தி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலைச் சேர்ந்து வென்றிருக்க மாட்டார்கள். அடுத்த சீசனில் 15 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்த வருடங்களில் இவர்களைப் போல ஒரு ஜோடி கிடையாது என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. 2015 ஜனவரியில் சியாட்டிலில் 19-7 என்று முன்னால் இருந்த ஆட்டம் கடைசி நிமிடங்களில் கைநழுவி, கூடுதல் நேரத்தில் 28-22 தோல்வி. உங்கள் ஆபீஸில் வயதானவர் யாரிடமும் இதை எடுக்காதீர்கள். மதியம் வரை விடமாட்டார். அந்த வருடம் நகர்வு சொல்லும் வேலையை மெக்கார்த்தி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, சீசன் முடிவதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டார். மற்ற அணிகள் புதுப் புது உத்திகளுக்குப் போய்க்கொண்டிருக்க, கிரீன் பேயில் அதே பழைய ஆட்டம் என்ற முணுமுணுப்பு கிளம்பியது. 2018 தொடக்கத்தில் ராட்ஜர்ஸுக்கு நெருக்கமான குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் அலெக்ஸ் வான் பெல்ட்டை விட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தை தன்னைக் கேட்கவில்லையே என்ற மனத்தாங்கலை ராட்ஜர்ஸ் மறைக்கவில்லை.

அந்த செப்டம்பர் கடைசியில் பஃபலோவை 22-0 என்று ஜெயித்தார்கள். ஜெயித்த நாளில் யாராவது குறை சொல்வார்களா? ராட்ஜர்ஸ் சொன்னார். டிஃபென்ஸ் சாம்பியன் தரத்தில் ஆடியது, தாக்குதலில் நாங்கள் பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்று) தரத்தில்கூட ஆடவில்லை என்ற பொருளில், பத்திரிகையாளர்கள் முன்னால். கோச் பெயரை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. திட்டம் யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

டிசம்பர் 2 அன்று அரிசோனாவிடம் சொந்த மைதானத்தில் 20-17 என்று தோற்றார்கள். அன்று மாலையே மெக்கார்த்தியை நீக்கிவிட்டார்கள். 13-ஆவது சீசன், சூப்பர் பௌல் வாங்கித் தந்த கோச், சீசன் முடியும் வரைகூடப் பொறுக்கவில்லை. லாம்போ பக்கம் போனால் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது பாருங்கள். அந்தப் பெயரை இன்னும் எடுக்கவில்லை.

ஏன் அவர் போனார், இவர் இருந்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. யார் சொன்னது சரி என்று யாரும் விசாரணை வைக்கவில்லை. அந்த ஆகஸ்டில்தான் ராட்ஜர்ஸுடன் 13 கோடியே 40 லட்சம் டாலருக்கு நான்கு வருட ஒப்பந்த நீட்டிப்புப் போட்டிருந்தார்கள். அவரை அனுப்புவது நடக்கிற காரியமா? இருவரில் ஒருவரை மாற்ற வேண்டும் என்றால் மாற்றக்கூடியவர் ஒருவர்தான். வயது, அனுபவம், பதவி என்று நாம் பார்க்கும் மரியாதைக் கணக்கு எதுவும் அங்கே வரவில்லை. ராட்ஜர்ஸ் மைக்கைப் பிடித்துப் பேசியதற்குக் காரணம் அமெரிக்கத் துணிச்சல் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தம் பேசியது.

உங்களிடம் இருப்பது எச்1பி விசா. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு இடம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் நீங்கள் மெக்கார்த்திகூட இல்லை தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரை 2020-இல் டாலஸ் அணி தலைமைக் கோச்சாகவே எடுத்துக்கொண்டது.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லவில்லை. நம் ஊரிலிருந்து வருபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது ராட்ஜர்ஸ் வியாதி இல்லை, அதற்கு நேர் எதிரானது. மீட்டிங்கில் மேனேஜர் தப்பான தேதி சொல்லும்போது தலையாட்டிவிட்டு, அப்புறம் கேண்டீனில் தமிழில் புலம்புவது. இங்கே மீட்டிங்கில் வாய் திறக்காதவருக்குக் கருத்தே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். முடிவெடுக்கும் முன்பு, கேட்கும்போது, "இந்தத் தேதிக்கு முடியாது, காரணம் இது, இன்னும் இரண்டு வாரம் வேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். யாரும் அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லக்கூடாதது ஆட்டம் முடிந்த பிறகு, மற்றவர்கள் பார்க்கச் சொல்வது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நல்ல கெட்டிக்காரர் ஒருவர், வேலை தாமதமானதும், "நான் அப்போதே சொன்னேன்" என்று மேலதிகாரிகள் எல்லோரையும் சேர்த்து மெயில் அனுப்பினார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அதன் பிறகு முக்கியமான வேலை எதற்கும் அவரைக் கூப்பிடவில்லை.

கதை அங்கே நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு கட்சிக்காரர் உங்களை மடக்குவார். அடுத்து வந்த கோச் மாட் லஃப்ளூர், ராட்ஜர்ஸை விட நான்கு வயதுதான் மூத்தவர். வந்ததுமே அதே ஆடிபிள் பேச்சு. இவருடைய திட்டத்தில் கடைசி நேர மாற்றத்துக்கு அவ்வளவு இடமில்லை, ராட்ஜர்ஸோ பழகியதை விடத் தயாராக இல்லை. ஆனாலும் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்து, முதல் மூன்று சீசனிலும் 13 வெற்றி. 2020, 2021 இரண்டிலும் ராட்ஜர்ஸ்தான் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். மெக்கார்த்தி கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மௌனமாகிவிடுவார்கள்.

அவர்கள் திரும்ப வாய் திறப்பது 2021 ஜனவரிக்கு வரும்போது. புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் டாம்பா பே அணி லாம்போவுக்கு வந்தது, ஜெயித்தால் சூப்பர் பௌல். 31-23 என்று பின்னால், இரண்டு நிமிடம் சொச்சம் பாக்கி, எட்டு கஜத்தில் கோல் கோடு, அதைத் தாண்டக் கடைசி வாய்ப்பு. தாண்டினால் சமன் செய்யவும் வழி இருந்தது. பந்து ராட்ஜர்ஸ் கையில் இருக்கும் என்று ஊரே நினைத்தது. லஃப்ளூர் மூன்று புள்ளி போதும் என்று பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைக்கச் சொன்னார். அதன் பிறகு பந்து திரும்பவே கிடைக்கவில்லை, 31-26. அது தன் முடிவு இல்லை என்று ராட்ஜர்ஸ் ஆட்டம் முடிந்ததும் சொல்லிவிட்டார். கோச் மாறினார், சொல் மாறவில்லை பாருங்கள். ஆனால் அந்த முடிவு படுமோசம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

2022 நவம்பரில் டாலஸுடன் லாம்போவுக்கு வந்த மெக்கார்த்தி, கூடுதல் நேரத்தில் உதைக்கச் சொல்லாமல் துணிந்து ஆடச் சொன்னார். பலிக்கவில்லை. பேக்கர்ஸ் 31-28. உதைத்தாலும் திட்டு, உதைக்காவிட்டாலும் திட்டு. அப்புறம் 2023-இல் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனதும், முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநார் அறுந்ததும், அடுத்த வருடம் அங்கேயும் கோச் ராபர்ட் சலேயைச் சீசன் நடுவில் நீக்கியதும் வேறு கதை. கேட்டால் ஆபீஸில் சொல்வார்கள்.

திங்கட்கிழமைக்கு ஒரு வழி சொல்கிறேன். கட்சி சேராதீர்கள். "டாம்பா பே ஆட்டத்தில் அந்த உதையை நீங்களாக இருந்தால் உதைக்கச் சொல்லியிருப்பீர்களா?" என்று மட்டும் கேளுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜூலைக் கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஆட்டக்காரர்கள் உள்ளூர்ச் சிறுவர்களின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவார்கள். ஆப்பிள்டனிலிருந்து அரை மணி நேர டிரைவ்தான், போய்ப் பாருங்கள். டிசம்பர் ஆட்டத்துக்கு யாராவது டிக்கெட் கொடுத்தால் மறுக்காதீர்கள், ஆனால் காலுக்கடியில் போட ஒரு அட்டைப்பெட்டித் துண்டு எடுத்துப் போங்கள். கான்கிரீட் வழியாக ஏறும் குளிருக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போதாது.