வீகன் என்றால் வெள்ளைக்காரர் சமாசாரமா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகன் திடீரென்று வீகன் ஆகிவிட்டான். இறைச்சி, முட்டை மட்டுமில்லை, பாலில் வருகிற தயிர், நெய்கூடத் தொடுவதில்லை. "எல்லாம் வெள்ளைக்காரப் பசங்க சகவாசம்" என்கிறார் என் வீட்டுக்காரர். அப்படித்தானா?
- வாசகி, திருச்சி

பதில்: உங்கள் வீட்டுக்காரரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, அமெரிக்கர்களிலேயே பலருக்கு அந்த நினைப்புதான். விளம்பரத்தைப் பார்த்தால் ஒல்லியான ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் பச்சை ஜூஸ், வேறு யாரும் கண்ணில் படுவதில்லை. ஆனால் பியூ ஆய்வு மையம் 2016-இல் எடுத்த கணக்கைப் பாருங்கள்: கண்டிப்பாகச் சைவம் அல்லது வீகன் என்று இருப்பவர்கள் மொத்த அமெரிக்கர்களில் 3 சதவீதம், கறுப்பினத்தவரில் 8 சதவீதம்! மார்ட்டின் லூதர் கிங்கோடு போராட்டங்களில் நின்ற கறுப்பின நகைச்சுவை நடிகர் டிக் கிரிகோரி, மனிதனை அடிக்கக் கூடாது என்றால் மாட்டை மட்டும் வெட்டலாமா என்று யோசித்து 1960-களிலேயே இறைச்சியை விட்டவர். கிங்கின் மனைவி கொரெட்டா 1995-இல் வீகன் ஆனார், அதுவும் மகன் டெக்ஸ்டரைப் பார்த்து. (உங்கள் வீட்டுக்காரர் காதில் இதை மெதுவாகப் போட்டு வையுங்கள்.)

கேள்வி: அப்படியானால் கறுப்பின மக்கள் வீகன் அமைப்புகள்மீது ஏன் கோபப்படுகிறார்கள்?
- வாசகர், மதுரை

பதில்: கோபம் சாப்பாட்டின் மேல் இல்லை சார். 2005-இல் விலங்குரிமை பேசும் பீட்டா அமைப்பு அமெரிக்க நகரங்களில் ஒரு கண்காட்சி நடத்தியது. வெள்ளையர் கும்பல் அடித்துத் தூக்கிலிட்ட கறுப்பினத்தவரின் படம், பக்கத்திலேயே கசாப்புக்கூடத்தில் தொங்கும் மாடு. மிருகத்தின் வலியைப் புரியவைக்கிறோம் என்பது அவர்கள் கட்சி. சரி, ஆனால் மிருகம் மாதிரிதான் என்று சொல்லிச் சொல்லித்தானே அந்த ஜனங்களைச் சந்தையில் நிறுத்தி விற்றார்கள்? அவர்களின் பேரப்பிள்ளைகள் தெருவில் நடந்துபோகும்போது கண்ணெதிரே அந்தப் படத்தை வைத்தால் மாட்டின்மேல் இரக்கமா வரும்? என்ஏஏசிபி போன்ற கறுப்பின உரிமை அமைப்புகள் கொதித்தெழுந்தன, கண்காட்சியைப் பாதியில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் 'தக் கிச்சன்' என்ற சமையல் வலைப்பதிவின் கதை. கெட்ட வார்த்தை கலந்து, கறுப்பின இளைஞர்களின் தெருப்பேச்சு தோரணையில் வீகன் சமையல் சொல்லிப் பிரபலமானவர்கள், 2014-இல் யாரென்று பார்த்தால் வெள்ளைக்கார ஜோடி. 'தக்' (ரவுடி) என்று போலீஸ் முதல் டிவி வரை கறுப்பின இளைஞர்களைத்தான் வைகிறார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேரை வைத்து லாபம் பார்த்தது இன்னொருவர். 2020-இல்தான் பேரை மாற்றினார்கள்.

வீகன்களில் கறுப்பின ஆள் இல்லாமல் இல்லை, மேடையும் மைக்கும் யார் கையில் என்பதுதான் தகராறு. இதனால்தான் கறுப்பின எழுத்தாளர் பிரீஸ் ஹார்ப்பர் மாதிரியானவர்கள் கறுப்பின வீகன் பெண்களின் எழுத்தைத் தனியாகவே தொகுக்க வேண்டி வந்தது.

கேள்வி: நம் ஊர் 'சைவம் மட்டும்' வாடகை போர்டும் இதே ரகமா?
- வாசகர், சென்னை

பதில்: ரகம் வேறு. அங்கே நிறம், இங்கே சாதி. ஆனால் சாப்பாட்டைக் கேட்கிற சாக்கில் ஆளைக் கேட்பது என்ற வேலை இரண்டிலும் ஒன்றுதான். திருச்சி அம்மா, மகனிடம், வீகன் சாப்பாட்டில் சரியாகக் கிடைக்காத வைட்டமின் பி12-க்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறானா என்று மட்டும் கேளுங்கள்.