நிலத்தை விற்க வேண்டாம், இரண்டு பாட்டில் போதும்

மகள் இரண்டாம் முறையும் நீட் எழுதி, தகுதி மட்டும் பெற்றிருக்கிறாள், இடம் கிடைக்கவில்லை. ஊர் நிலத்தை விற்று வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் அவள் மாமா. அவளோ மொட்டை மாடியில் ஃபைட்டர் மீன் குஞ்சுகளே கதி என்றிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனாலும் நிலத்தை விற்காதீர்கள். அங்கே படித்துத் திரும்பியபின் இங்கே ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது. அதில் தேறாதவர்களே அதிகம். வேண்டாவெறுப்பாகப் படிக்கும் பெண்ணை நம்பி நிலத்தைப் பணயம் வைப்பது தவறு. மாமா கடனை அடைக்க வரப்போவதில்லை.

அவள் நாட்டம் உண்மையா என்று பார்க்க மலிவான வழி உண்டு: மீன் குஞ்சுகளுக்கு உயிர் உணவாகும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரை முட்டையிலிருந்து பொரிக்கச் சொல்லுங்கள். கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கும் மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கும் தினமும் தேவைப்படும் தீவனம் இது.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து வைக்க வேண்டும். குளோரின் போன ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல்லுப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, 2 கிராமுக்கு மிகாமல் ஆர்ட்டீமியா முட்டை. ஏர் பம்ப்பின் குழாய் பாட்டிலின் கூம்பு அடி வரை போக வேண்டும். முனையில் காற்றுக்கல் மாட்டக் கூடாது. நுண்ணிய குமிழிகள் நுரை கட்டி, முட்டைகளைப் பாட்டில் சுவரில் ஒட்டவைத்துவிடும். வெப்பம் 26 முதல் 28 டிகிரி. தொடக்கத்தில் சில மணி நேரம் விளக்கு வெளிச்சம் கட்டாயம். மாடி வெயிலில் வைத்தால் தண்ணீர் சுட்டுப் பொரிப்பு குறையும். மார்கழிக் குளிரில் தாமதமாகும்.

18 முதல் 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிற ஆர்ட்டீமியாக் குஞ்சுகள் தெரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். மேல்பகுதியைக் கறுப்புத் துணியால் மூடி, அடியில் விளக்கு காட்டினால் குஞ்சுகள் கீழே கூடும், வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். அடியிலிருந்து குழாயால் வடிக்கும்போது முதலில் வரும் பொரியாத முட்டைகளைக் கழித்துவிட்டு, குஞ்சுகளை 120 மைக்ரான் வலையில் பிடித்து நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும். ஓடு கலந்தால் மீன்குஞ்சின் குடல் அடைத்துக்கொள்ளும். பிந்தி எடுத்தால் உடலிலுள்ள மஞ்சள்கரு தீர்ந்து சத்து குறையும். அதனால்தான் இரண்டு பாட்டில், ஒரு நாள் இடைவெளியில். நீந்தத் தொடங்கிய ஃபைட்டர் குஞ்சுக்கு முதல் சில நாள் இதுவும் பெரிது. கப்பிக் குஞ்சுக்குப் பிறந்த நாளிலிருந்தே தரலாம்.

முட்டையை 100 கிராமுக்கு மேல் வாங்கித் தராதீர்கள். நாளுக்கு 2 கிராம் என்றால் ஐம்பது நாள் வரும். மீதி முட்டையில் ஈரம் பட்டால் பிறகு பொரிக்காது; இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இதற்காகக் கடனோ, தொட்டி கட்டுவதோ கூடாது. பெரிய ஆர்ட்டீமியாவாக வளர்க்க ஸ்பைருலினா தூள், இரண்டு மூன்று வாரப் பராமரிப்பு எல்லாம் வேண்டும், அது பிறகு.

தினமும் விடிகாலையில் எழுந்து அலசி, கழுவி, எத்தனை கிராம் போட்டாள், பொரிப்பு எப்படி என்று அவளே நோட்டில் எழுத வேண்டும். நீங்கள் நினைவூட்டவே கூடாது. இரண்டு மாதத்துக்குள் சலித்துவிட்டால் அது பொழுதுபோக்கு, அதோடு விடுங்கள். நோட்டு நிறைந்தால், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள அறிவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பியுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் வைத்துச் சேர்க்கை, நீட் வேண்டாம். விண்ணப்பத் தேதி சோதனை முடியும் முன்பே வந்துவிட்டால் காத்திருக்காமல் போட்டுவிடுங்கள். சேர்வதா என்பதை அவள் நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.