ஐசியூ வாசலில் காத்திருப்பவர்கள் கேட்டவை

ஏஆர்டிஎஸ், அதாவது நுரையீரலில் நீர் கோர்த்துத் திடீரென்று வரும் கடுமையான மூச்சுத்திணறல் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஆனால் நேரில் பார்க்காத நோயாளிக்கு மருந்து சொல்ல மாட்டேன். பொதுவான விளக்கம் மட்டும்தான்.

அப்பாவுக்கு முதலில் காய்ச்சல், அப்புறம் நிமோனியா என்றார்கள். மூன்றாம் நாள் ஏஆர்டிஎஸ் என்கிறார்கள். இது புது நோயா, டாக்டர்?

புது நோய் இல்லை தம்பி. பெரிய அடி விழுந்தால் நுரையீரல் காட்டும் எதிர்வினை. காற்றுப்பைகளின் சுவர் சேதமாகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி உள்ளே கசிகிறது. காற்று போக வேண்டிய இடத்தில் நீர் கோர்த்துக்கொள்கிறது. இதயம் பலவீனமாகி நீர் கோர்ப்பது வேறு கதை. நிமோனியா, ரத்தத்தில் தொற்று, கணைய அழற்சி, வாந்தி மூச்சுக்குழாயில் இறங்குவது என்று எதிலிருந்தும் இது வரலாம். 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலில் இதை விவரித்தார்கள்.

மூல காரணத்தைப் பிடிப்பதுதான் பாதி வைத்தியம். நம் ஊரில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலை (புதரில் இருக்கும் சிறு உண்ணி கடித்து வரும் தொற்று) மறக்கவே கூடாது. அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு படும் இடம் இங்கெல்லாம் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று சிஸ்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரிந்திருக்காது.

அம்மா 95 கிலோ. வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு 310 மில்லி என்று வைத்திருக்கிறார்கள். இது போதுமா? கூட்டி வைக்கச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள்! தொப்பை வளர்ந்தால் நுரையீரல் வளர்வதில்லை. அதனால் காற்றின் அளவை உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறோம். 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்குப்படி எடை சுமார் 52 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால் 310 சொச்சம். உங்கள் அம்மாவின் உயரமும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் தாராளமாகக் காற்றைத் தள்ளினோம். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு அதை மாற்றியது. கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தவர்களில் 31. நீர் கோர்த்த நுரையீரலில் காற்று போக மிச்சமிருப்பது கொஞ்ச இடம்தான். அதற்குள் அளவுக்கு மீறி அடித்தால் நல்ல பகுதியும் கிழியும். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினாலும் பொறுத்துக்கொள்வது இதனால்தான்.

கணவரைக் குப்புறப் போட்டிருக்கிறார்கள். முகமெல்லாம் வீங்கி, பார்க்கவே முடியவில்லை.

பதறாதீர்கள் அம்மா. மல்லாந்து படுக்கும்போது இதயமும் வயிறும் நுரையீரலின் முதுகுப் பக்கத்தை அழுத்துகின்றன. நுரையீரலின் பெரும்பகுதி இருப்பதோ அந்தப் பக்கம்தான். கவிழ்த்தால் அது விரியும். 2013இல் வெளிவந்த ஆய்வில், கடுமையான ஏஆர்டிஎஸ் உள்ளவர்களை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புற வைத்தபோது 28 நாள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைந்தது. ஐசியூவில் இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் அபூர்வம், அதுவும் மெஷின் எதுவும் வாங்காமல்.

ஆனால் சும்மா புரட்டிவிட முடியாது. எங்கள் பிரிவில் ஐந்து பேர் நிற்போம். தலைமாட்டில் நிற்பவருக்கு வாய் ட்யூபைப் பிடிப்பது மட்டுமே வேலை, எண்ணிக்கை சொல்வதும் அவர்தான். கண்ணை மூடி டேப் ஒட்டி, கன்னம், மார்பு, முட்டிக்குத் தலையணை வைத்து, நீச்சலடிப்பது போல ஒரு கையை மேலே வைப்போம். முக வீக்கம் பெரும்பாலும் மல்லாந்து போட்டபின் வடிந்துவிடும். கன்னத்தில் புண் வந்தால் கொஞ்ச நாள் ஆகும்.

எக்மோ போட்டால் பிழைத்துவிடுவாரா?

எக்மோ என்பது ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின். சிலருக்கு உதவும். குப்புறப் போட்டும் தேறாதபோதுதான் அந்தப் பேச்சு. ரத்தக்கசிவு, தொற்று, செலவு மூன்றையும் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

தேறி வந்தவருக்கு ஒன்பதாம் நாள் மறுபடி காய்ச்சல். யார் தவறு?

பெரும்பாலும் யார் தவறும் இல்லை. ட்யூப் வழியாகக் கிருமி இறங்கி வரும் நிமோனியாவாக இருக்கலாம். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துவது, வாயைச் சுத்தம் செய்வது, முடிந்தவர்களுக்குத் தினமும் மயக்க மருந்தை நிறுத்திப் பார்ப்பது எல்லாம் இதைக் குறைக்கத்தான். காய்ச்சலே இல்லாமல் ஆக்சிஜன் திடீரென்று இறங்கினால் நுரையீரல் ஓட்டையாகி வெளியே காற்று சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். அதற்கு நெஞ்சில் குழாய் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம். அண்ணனால் சட்டை பட்டன்கூடப் போட முடியவில்லை.

நுரையீரலைவிடத் தசை மெதுவாகத்தான் தேறும். ஒரு வருடம் கழித்தும் பலருக்கு நடக்கும் தூரம் பழைய அளவுக்கு வருவதில்லை. பிசியோதெரபியை நிறுத்தாதீர்கள், முட்டை பருப்பு தாராளமாகக் கொடுங்கள். இரவில் அலறி எழுந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது ஐசியூ விட்டுச்செல்லும் மிச்சம்.

(முதல் கேள்வி கேட்டவர் மறுபடி) சிஸ்டர் பார்த்துவிட்டார், டாக்டர். கருப்பாக எதுவும் இல்லையாம். அப்போது ஸ்க்ரப் இல்லைதானே?

அப்படி முடிவு கட்டாதீர்கள் தம்பி. பொருக்கு இல்லாமலும் வரும். ஸ்க்ரப் டைஃபஸுக்கான ஐஜிஎம் ரத்த டெஸ்ட் அனுப்பினார்களா, அதற்கான மருந்து டாக்ஸிசைக்ளினோ அஸித்ரோமைசினோ ஓடுகிறதா என்று ட்யூட்டி டாக்டரிடம் இன்றே கேளுங்கள். சந்தேகம் பலமாக இருந்தால் நாங்கள் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதில்லை.